பெய்யாத மழை கொண்டுவந்த மக்கள்

இலங்கையின் தெரணியகலையில் மழைக்கு என்றும் குறைவில்லை. கடலிலிருந்து கிளம்பி வரும் தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாத மலைத்தொடரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. சுமந்து வந்த ஈரம் முழுவதையும் மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மாலிபொடப் பக்கத்தில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரை எட்டுகிறது. சென்னையில் பெய்வதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம், இராமநாதபுரத்துச் சீமையில் பெய்வதைவிட ஐந்தாறு மடங்கு அதிகம். இந்த மழைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் தோட்டத்து மக்கள் இங்கே வந்து சேர்ந்ததற்குப் பெரிய காரணம், வேறோர் இடத்தில் பெய்யாமல் போன மழை.

நூரி, மாலிபொட, மியனவிட்ட என்று தெரணியகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயதானவர்களிடம் பூர்வீகம் கேட்டால் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று சொல்வார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் 'பஞ்சம் பிழைக்க' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பஞ்சத்தின் வேர் எங்கே கிடந்தது என்பதை அறிவியல் கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ்நாடு, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று பாதி உலகம் வருகிறது. ஒரு மரமும் ஒரு சமயமும்கூட வருகின்றன.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலைக்கு ஆட்கள் வெளியிலிருந்து நடந்து வருவது புதிதல்ல. தெரணியகலை என்ற ஊர்ப்பெயர் உலகத்துத் தொல்லியல் நூல்களில் அச்சாகி இருக்கிறது. போல் தெரணியகல, அவருடைய மகன் சிரான் தெரணியகல என்ற இரண்டு அறிஞர்கள்தான் அதற்குக் காரணம். இலங்கையின் ஆதி மனிதரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இவர்களுடைய உழைப்பு. இங்கிருந்து அதிக தூரமில்லாத கித்துல்கல பெலிலென குகையிலும் குருவிட்டைப் பக்கத்துப் பததொம்பலென குகையிலும் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித வாழ்க்கையின் தடயங்கள் கிடைத்தன. சின்னஞ்சிறு கற்கருவிகளோடு கடல் சிப்பிகளும் அங்கே கிடந்தன. கடலோ பல மைல்களுக்கு அப்பால். யாரோ கரையிலிருந்து அவற்றைச் சுமந்து வந்திருக்கிறார்கள், அல்லது கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கின்றன. 'வந்தேறி' என்று ஒருவரை ஏசுகிறவர்கள் ஒருமுறை அந்தக் குகை வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

இனி 1876க்கு வருவோம். அந்த ஆண்டு பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலேற்றி இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். எண்ணெய் நிறைந்த விதை, விரைவில் கெட்டுவிடும். முளைத்தவை 2,700 அளவில்தான். அவற்றில் 1,900க்குச் சற்று மேற்பட்ட நாற்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவில் இன்று நிற்கும் இறப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த விதைகளின் வாரிசுகள்.

அதே 1876இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அது தாது வருடம். அடுத்த ஆண்டு தென்மேற்கும் கைவிட்டது. தமிழில் இன்றும் 'தாது வருடப் பஞ்சம்' என்றால் பாட்டிமார் குரல் மாறும். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாயும் அழிந்துபோன அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்தவர்கள் 55 இலட்சம் பேர் என்பது குறைந்தபட்சக் கணக்கு.

மழை ஏன் நின்றது? 1875இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் காற்றழுத்தப் பதிவுகளைப் பார்த்தபோது, இந்தியாவில் மட்டுமன்றி ஆசியாவின் பெரும்பரப்பிலும் அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததைக் கண்டார். அழுத்தம் உயர்ந்த இடத்தில் காற்று கீழே இறங்கும். இறங்கும் காற்றில் முகில் திரளாது. ஆனால் ஒரு கண்டம் முழுவதும் ஏன் அப்படி ஆனது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அவருக்குப் பின்னால் அதே பதவியில் இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்கின் ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறினால் மறுபக்கத்தில் இறங்குகிறது என்ற ஊஞ்சலாட்டத்தைக் கணிதத்தால் காட்டினார். 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்பவர் அதைக் கடலின் சூட்டோடு இணைத்தார். பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது மழை முகில்கள் திரளும் இடம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இந்தியாவின் மேல் காற்று இறங்கத் தொடங்குகிறது. எல் நினோ என்று இன்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதுதான். பழைய கப்பல் பதிவுகளையும் மரவளையங்களையும் வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், 1877-78 எல் நினோவை அளவீடு தொடங்கிய பின் வந்தவற்றில் மிகக் கடுமையான ஒன்றாகச் சொல்கிறார்கள். அதே நேரம் இந்துமாக் கடலின் வெப்பநிலையும் தாறுமாறாக இருந்தது.

கடல் சூடானதால்தான் மக்கள் செத்தார்கள் என்று யாரும் முடித்துவிடக் கூடாது. மழை இல்லாத நேரத்திலும் ரயிலேறித் தானியம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது போதாது. சென்னையில் இன்றும் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தக் கூலியில் வெட்டப்பட்டது. வறட்சியைக் கடல் தந்தது, பஞ்சத்தை ஆட்சி தந்தது என்பதே என் முடிவு.

வியப்பு இனிமேல்தான். அதே எல் நினோ பிரேசிலின் வடகிழக்கையும் சுட்டது. 1877 முதல் 1879 வரை செயரா மாகாணத்தில் மழை இல்லை. 'பெரும் வறட்சி' என்று அவர்களும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். தப்பியவர்களில் பலர் அமேசான் காட்டுக்குள் போனார்கள். என்ன வேலைக்கு? இறப்பர் பால் எடுக்க. போகும்போதே கப்பல் கூலியும் கத்தியும் கடனாகத் தலையில் ஏறிவிடும். கடைசிவரை கடன் தீராது. ஒரே கடல் சூடு, பூமியின் இரண்டு பக்கங்களில், ஒருவரையொருவர் கேள்விப்பட்டேயிராத இரண்டு மக்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியவர்கள் அப்போது கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். கோப்பியை 1869இல் தொற்றிய இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலைக்குப் போனார்கள். 1900களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகி இறப்பர் விலை ஏறியபோது, களனிப் பள்ளத்தாக்கிலும் சப்பிரகமுவாவின் தாழ்ந்த மலைகளிலும் அவர்களுடைய பிள்ளைகளும் புதிதாக வந்தவர்களும் அதே மரத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

அமேசானின் மரம் அமேசானில் தோட்டமாக வளரவில்லை. ஹென்றி ஃபோர்ட் 1928இல் அங்கே கோடிகளைக் கொட்டி 'ஃபோர்ட்லாண்டியா' என்ற தோட்டநகரம் அமைத்தார். மரங்களை வரிசையாக நட்டதும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி எல்லாவற்றையும் மொட்டையடித்தது. காட்டில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நெடுந்தூரம் இருந்ததால்தான் அவை பிழைத்திருந்தன. ஆசியாவுக்கு வந்த விதையோடு அந்தப் பூஞ்சை வரவில்லை. பகையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த மரம் இங்கே தழைத்தது. கூட வந்த மனிதர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஊரில் இருந்த சாதியும் கடனும் கூடவே கப்பலேறின.

பால்வெட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். விடியுமுன் ஒருவர் மரத்தடிக்கு வருகிறார். முந்தைய வெட்டின் மேல் உலர்ந்து ஒட்டியிருக்கும் பாலை நீளமாக உரித்துப் பையில் போடுகிறார். அது ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. பிறகு வளைந்த நுனிக் கத்தியை இடப்பக்கம் உயர்ந்த முனையில் வைத்து வலப்பக்கம் கீழாக இழுக்கிறார். ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் பட்டை சுருண்டு விழுகிறது. வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, கோடாகி, தகரக் காம்பின் வழியே சிரட்டையில் சொட்டுகின்றன. முழு வேலைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. அடுத்த மரம். ஒருவருக்கு ஒரு நாளில் இப்படி 250, 300 மரங்கள்.

அந்த இழுப்பில் இருக்கும் கணக்கு நுட்பமானது. பாலைச் சுமக்கும் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில், தண்டை வளர்க்கும் மெல்லிய திசுவுக்கு வெளியே நெருக்கமாக ஓடுகின்றன. அவை நேராக நிற்பதில்லை, மூன்று நான்கு பாகை வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றால் நல்ல குழாய்களை எட்டாது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் போய்விட்டால் வளர்திசு காயப்பட்டு அந்த இடம் முடிச்சுமுடிச்சாக வீங்கும், அடுத்த சுற்றுக்கு வெட்ட முடியாது. இதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. கைதான் அளவுகோல். அந்தக் கையை 'பயிற்சியற்ற உழைப்பு' என்று சம்பளப் பேச்சில் யாரேனும் சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை மிகக் குறைவாகவே வெளிவிடுகின்றன, வேர் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் பால்குழாய்க்குள் அழுத்தம் ஏறி, விடியற்காலையில் பத்து வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டுகிறது. அந்தப் பாலில் செய்த கார் டயருக்குள் நாம் அடிக்கும் காற்றைப் போல நாலைந்து மடங்கு. வெயில் ஏற ஏற இலை நீரை இழக்கும், அழுத்தம் சரியும், பால் குறையும். வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானாகவே நின்றுவிடும். பாலுக்குள் மிதக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் பொருள் இறப்பர்த் துகள்களை ஒட்டவைத்துக் குழாய் வாயை அடைத்துவிடும். மரம் தன் காயத்துக்குத் தானே கட்டுப்போடுகிறது. மறுபடி வெட்டும்போது முதல் தடவையைவிடக் கூடுதலாகப் பால் வரும் என்பதையும், சிறிதளவு அமிலம் சேர்த்தால் பால் சீராக உறையும் என்பதையும் பேராதனையில் 1898-99 அளவில் சோதித்துக் காட்டியவர் ஜான் பார்க்கின். சிரட்டைப் பால் தொழிற்சாலையில் உறைந்து, உருளையில் நசுங்கி, புகையில் காய்ந்து தகடாவது இன்றும் அந்த வழியில்தான்.

ஆனால் தெரணியகலை மழையில் இந்தக் கணக்கு குலைகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரம் முழுவதும் வழிந்து வீணாகும். சிரட்டையில் விழுந்தது மழைநீரோடு போகும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. மழையில்லாமல் ஊரைவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மழையால் நாள் சம்பளம் இழக்கிறார்கள்.

சமயம் எப்படி வந்தது என்பதையும் இந்தப் பயணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் ஓடும் சீதாவாக்கை ஆற்றின் கரைக்கு வெளியூர் நம்பிக்கை வருவதும் பழைய கதை. அவிசாவளையில் இருந்து ஆண்ட முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் சைவம் தழுவினான். அவன் கட்டத் தொடங்கிய பெரெண்டிக் கோவிலின் கல் இடிபாடுகள் ஆற்றுக்கு அக்கரையில் இன்றும் உள்ளன. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் சைவர்கள், மாரியம்மனும் முனியாண்டியும் அவர்களோடு வந்தார்கள். கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. ஆனால் அந்தச் சிறுபான்மை உருவான விதம் கவனிக்கத்தக்கது.

வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் குதிரையில் வந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிரசங்கித்தார், மக்கள் மதம் மாறினார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. கங்காணி தன் ஊரிலிருந்தும் சொந்தத்திலிருந்தும்தான் ஆள் சேர்த்தார். ஒரு கங்காணியின் ஆட்கள் என்றால் ஒரு கிராமத்தின் துண்டு என்று பொருள். திருநெல்வேலிச் சீமையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஊர் ஊராகக் கிறிஸ்தவம் பரவியிருந்தது. அங்கிருந்து கிளம்பியவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றவர்களாகவே தோட்டத்துக்கு வந்தார்கள். 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது அதன் கால்களாக இருந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். பகல் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் உபதேசியாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இருட்டு நேரம்தான். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்து வந்தவர்களை லயத்து வாசலில் கூட்டி, விளக்கொளியில் வேதம் வாசித்து, எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். மிஷனரி கால்டுவெல் இடையன்குடியில் இருந்த காலம் அது. கஞ்சித்தொட்டிக்காக மாறினார்கள் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. யாரும் பக்கத்தில் வராத நேரத்தில் பக்கத்தில் வந்தவர்களை நம்பினார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன்.

கத்தோலிக்கம் இன்னொரு வழியில் வந்தது. காலி மறைமாவட்டத்தைப் பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர் 1890களில் பொறுப்பேற்றபோது சப்பிரகமுவாவும் அதற்குள் இருந்தது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995இல். இரட்சணிய சேனை 1883இல் இலங்கைக்கு வந்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் மாதா சொரூபமும் அடுத்ததில் மாரியம்மன் படமும் இருப்பது இங்கே சாதாரணம். திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் எல்லோரும்தான் போகிறார்கள்.

ஒரு சங்கடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தமிழ்க் கூலி மிஷனின் செலவில் பெரும்பங்கைத் தோட்டத் துரைமார்தான் கொடுத்தார்கள். ஆள்பிடிக்கும் கடனுக்கு அடையாளமான 'துண்டு' 1921வரை ஒழியவில்லை. அந்தத் துண்டை வைத்து ஆட்களைக் கைமாற்றிய அதே கையின் பணத்தில்தான் வேதபுத்தகமும் வந்தது.

பணமும் புத்தகமும் ஒன்றாக வந்த இந்த இடத்தில் ஆபிரிக்காவின் சுவாசி மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். எஸ்வாத்தினி என்று 2018இல் பெயர் மாறிய அந்தச் சிறு நாடு தென்னாப்பிரிக்காவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவில் இருக்கிறது. அவர்களும் நடந்து வந்த மக்கள்தான். பந்து மொழிகள் பேசுவோர் நாலைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பரவத் தொடங்கினார்கள். அந்த நீண்ட நகர்வின் ஒரு கிளையான டிலாமினி குலத்தார் மொசாம்பிக் கரையிலிருந்து லுபொம்போ மலையைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்து குடியமர்ந்தார்கள். அவர்கள் பேச்சில் நாவால் சொடுக்கும் ஒலி ஒன்று உண்டு. முன்பே அங்கிருந்த கொய்சான் மக்களோடு கலந்ததன் அடையாளம் அது.

முதலாம் சொபூசா அரசன், சொம்ஹ்லோலோ என்றும் அழைப்பார்கள், ஒரு கனவு கண்டதாகச் சுவாசி மரபு சொல்கிறது. வெளிறிய தோலுடைய மனிதர்கள் கடலிலிருந்து வருகிறார்கள், அவர்கள் கையில் ஒரு புத்தகமும் ஒரு வட்ட நாணயமும் இருக்கின்றன. புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நாணயத்தை விட்டுவிடுங்கள் என்று அவன் மக்களுக்குச் சொன்னானாம். 1844இல் ஜேம்ஸ் அலிசன் என்ற மெதடிஸ்த போதகர் வந்தார். அப்போது அரசன் உயிரோடு இல்லை, அவன் மகன் முஸ்வாத்தியின் காலம். புத்தகத்தைச் சுவாசிகள் வாங்கிக்கொண்டார்கள். நாணயமோ விடவில்லை. 1886இல் ஜொஹானஸ்பேர்க்கில் தங்கம் கிடைத்தது. 1896-97இல் மாட்டு வாதை தென் ஆபிரிக்காவின் மந்தைகளை அழித்தது. மாடுதான் அங்கே செல்வமும் சீரும் உழவும். குடிசை வரியை நாணயமாகக் கட்டச் சொன்னது வெள்ளை ஆட்சி. 1907இல் நிலத்தைப் பங்கிட்டு மூன்றில் ஒரு பங்களவை மட்டும் சுவாசிகளுக்கு விட்டார்கள். ஆண்கள் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்.

போதகர் இல்லாத இடத்திலும் நம்பிக்கை வளர்வதை அங்கேயும் காணலாம். 1904இல் அமெரிக்காவின் சயன் நகரத்து மிஷனரி ஒருவர் ஜொஹானஸ்பேர்க்கில் தொடங்கிய நீராட்டும் நோய்தீர்க்கும் ஜெபமும், கூலிக்குப் போய்த் திரும்பியவர்களின் வாயிலாகக் கிராமங்களை அடைந்தன. வெள்ளை அங்கியும் கைக்கோலும் மத்தள ஒலியுமாகச் சயன் சபைகள் இன்று சுவாசிகளிடையே பெரும் சபைகளாக இருக்கின்றன. பெரிய வெள்ளிக்கிழமை வாரத்தில் அவர்கள் அரசனின் இடத்தில் கூடுகிறார்கள். பக்கத்து நாட்டாலில் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குச் சென்னையிலிருந்து தமிழர்கள் வந்திறங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், நம் மக்களும் அவர்களும் அவ்வளவு தூரத்து அயலாரல்லர்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சுரங்கத்துக்குப் போன சுவாசிக்குத் திரும்பிப் போக ஒரு வீடும் அரசனும் நாடும் இருந்தன. பறிபோன நிலத்தை மீட்டு வாங்க இரண்டாம் சொபூசா தன் மக்களிடமே நிதி திரட்டினார். 1968இல் அவர்கள் விடுதலை பெற்றார்கள். இலங்கையில் விடுதலை கிடைத்த அதே 1948இல் மலையகத் தமிழர் குடியுரிமையை இழந்தார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. 1977இலும் 1981இலும் இனக் கலவரங்களில் சப்பிரகமுவாத் தோட்டங்களில் வீடுகள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். இந்தியாவுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசு இறப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் போன குடும்பம் நூறாண்டு கழித்து ஒரு மில்லிமீட்டர் பட்டை சீவும் கையோடு திரும்பியது. இங்கே மிஞ்சியவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி தீர்ந்தது 2003இல்தான்.

இந்தக் கதையை இன்னும் நுணுக்கமாக எழுத முடியும். அதற்கு வேண்டிய ஏடுகள் நம்மிடமே கிடக்கின்றன. டேவிட் நாஷ் என்ற புவியியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் தென் ஆபிரிக்காவின் 19ஆம் நூற்றாண்டு மழை வரலாற்றை மிஷனரிகளின் கடிதங்களிலிருந்து மீட்டிருக்கிறார்கள். 'இந்த மாதமும் மழையில்லை, ஆறு வற்றிவிட்டது, ஆராதனைக்கு ஆள் குறைவு' என்ற வகையில் வீட்டுக்கு எழுதிய வரிகளைத் தேதிவாரியாக அடுக்கி, எந்தப் பருவம் ஈரம், எந்தப் பருவம் வறட்சி என்று கணித்தார்கள். போதகரின் கடிதம் வானிலை ஆவணமாகிவிட்டது.

நம் தோட்டங்களில் அதைவிட நல்ல ஏடுகள் உண்டு. தோட்டத்துக் கந்தோர்களில் மழைமானி வைத்து அன்றாட மழையை எழுதும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வருவது. கத்தோலிக்கக் கோவில்களிலும் மற்றச் சபைகளிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், பெற்றோர், தோட்டம், நாள். ஒன்று வானத்தின் கணக்கு, மற்றது மக்களின் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மழை நாட்களில் சம்பளம் போன ஆண்டு எது, காய்ச்சலில் குழந்தைகள் போன மாதம் எது, எந்தக் குடும்பம் எப்போது பெயர்ந்தது என்பதெல்லாம் தெரியவரும். ஆனால் தெரணியகலையின் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், கறையான் அரிக்கும். தோட்டங்கள் கைமாறும்போது பழைய புத்தகங்கள் குப்பையோடு எரிக்கப்படுகின்றன.

ஆகவே தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் போதகர்களுக்கும் கோவில் பரிபாலகர்களுக்கும் கந்தோர் உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழை குறையும் ஜனவரி, பெப்ரவரியில் அந்த ஏடுகளை வெளியே எடுங்கள். சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடியுங்கள். அட்டையையும் தேதியையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் உள்ள பக்கங்களை மட்டும் அவர்களின் சம்மதமின்றி வெளியிட வேண்டாம். அடுத்த தென்மேற்குப் பருவம் மே மாதம் தொடங்கிவிடும். அதற்குள் முடிக்கப் பாருங்கள்.